துரைக்கு வைத்த தட்டு

எங்கள் வீட்டு ஜெர்மன் ஷெப்பர்டுக்கு நான் வைத்த பட்டம் துரை. சோறு வைப்பது நான், குளிப்பாட்டுவது நான், வீடெல்லாம் உதிர்கிற முடியைப் பெருக்குவதும் நான்தான். மரியாதை மட்டும் என் வீட்டுக்காரருக்கு. இந்த ஜாதியே ஒருத்தரைத்தான் எஜமானாக வைத்துக்கொள்ளும் என்று அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்.

பக்கத்துத் தெரு நாய்க்கு யாரோ விஷம் வைத்த பிறகு அவருக்குப் பயிற்சிப் பைத்தியம் பிடித்தது. தட்டை வைத்து "இரு" என்பார். துரை எச்சில் ஒழுக உட்கார்ந்திருக்கும். அவர் "எடு" என்றால்தான் வாய் வைக்க வேண்டும். என்னையும் "எடு" சொல்லவைத்து, அது குனிந்தால் தட்டைப் பிடுங்குவார்.

"நீங்க வெளியூர் போனா நான் என்னங்க பண்றது?"

"நான் எங்கடி போகப் போறேன்?"

எங்கும் போகவில்லை. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் விழுந்தார். துரை தண்ணீரோடு சரி. கறியை வேகவைத்துக் கையில் நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. மகள் ஃபோனில் பதிவாகியிருந்த அவர் குரலைப் போட்டாள். ஃபோனை முகர்ந்துவிட்டு வாசலுக்கு ஓடியது. கால்நடை டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார்.

"இதை வச்சு ரொம்ப நாள் ஓட்ட முடியாதும்மா. அவரையே சொல்லச் சொல்லுங்க."

நேற்று அவரைக் கூட்டிவந்தோம். வலது பக்கம் அசையவில்லை. பேச்சில் ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியிருந்தது. தாகத்துக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். எது மிஞ்சும் என்பது யார் கையிலும் இல்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

விலா எலும்பு தெரிய துரை ஓடிவந்து அவர் மடியில் தலையை வைத்தது. நான் தட்டை வைத்தேன். அது தட்டைப் பார்க்கவில்லை, அவர் வாயைப் பார்த்தது.

"எடுன்னு சொல்லுங்க. ஒரே தடவை. எனக்காக."

கழுத்து நரம்பு புடைக்க முக்கினார். உதடு கோணிக்கொண்டு போனது.

"இரு."

துரை சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

அவர் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். இடது காலால் தட்டை அதன் பக்கம் தள்ளினார். கண்ணீர் வழிய, கையெடுத்துக் கும்பிட முடியாமல் ஒற்றைக் கையை நீட்டிக் கெஞ்சினார்.

"இரு... இரு... இரு..."

துரைக்கு வால் நிற்கவில்லை. இத்தனை நாள் கழித்துக் கேட்கிற குரலாயிற்றே. ஒவ்வொரு தடவைக்கும் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

நான் ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தினேன்.