துண்டுக்கு அடியில்

தலைவலிக்குத் தைலம் கேட்டாலே சுக்கை அரைத்துப் பூசு என்கிற மனுஷன், பெங்களூர் ஆஸ்பத்திரியில் வயிற்றுச் சதையை அறுத்து எடுக்கிறார்கள் என்றதும் வருகிற திங்கட்கிழமையே பஸ் ஏறலாம் என்று குதித்தால், எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சந்தேகம் வராது? குந்தாரப்பள்ளிச் சந்தையில், அவிழ்த்துவிட்ட மாட்டுவண்டியில் உட்கார்ந்துகொண்டு வெங்கடம்மாள் இதையேதான் மென்றுகொண்டிருந்தாள். இறங்கினால் திரும்ப ஏற்றிவிட இரண்டு ஆள் வேண்டும். அதனால் இறங்கவில்லை.

சதை என்றால் கொஞ்சநஞ்சமல்ல. கடைசிப் பிள்ளைக்குப் பிறகு ஏறத் தொடங்கிய உடம்பு, அடிவயிறு மடிந்து தொடைமேல் விழுந்து கிடந்தது. மடிப்புக்குள் கோடையெல்லாம் புண். தொப்புள் வழியாகக் குடல் பிதுங்கி, இரண்டு தடவை வலி அவளைச் சுருட்டிப் போட்டுவிட்டது. பசுவின் மடியருகே குந்திப் பால் கறந்து எத்தனை வருஷமாயிற்று! காலில் கிடக்கிற மெட்டியைக்கூடக் குனிந்து பார்க்க முடியாது. ஊரில் அவளுக்கு, நெல் கொட்டி வைக்கிற ‘குதிரு’ என்றுதான் பேர். காதுபடவே சொல்வார்கள், அவளும் வட்டியோடு திருப்பிக் கொடுப்பாள். கொடுத்துவிட்டு வீட்டுக்குள் வந்து அழுவது வேறு விஷயம்.

அறுத்துத் தைத்துவிட்டால் லேசாக எழுந்து நடக்கலாம் என்று பெங்களூர் டாக்டர் சொன்னபோது அவளுக்கு ஆசை பொங்கியது நிஜம். ஆனால் அதற்கப்புறம் அவர் அவள் புருஷன் திம்மராயனை மட்டும் வராந்தாவுக்கு அழைத்துப் போனார். கதவைச் சாத்திவிட்டார்கள். கன்னடத்தில் என்னமோ முணுமுணுப்பு மட்டும் கேட்டது.

“இன்னா சொன்னாரு?”

“ஒண்ணுமில்ல. பயப்படாதேன்னாரு.”

பயப்படாதே என்று சொல்வதற்கு எதற்கய்யா வராந்தா?

பக்கத்து வீட்டுக் கெம்பம்மா வேறு கொள்ளி வைத்திருந்தாள். “மயக்க மருந்து குடுத்துதான் அறுப்பாங்களாம்க்கா. முழிச்சா உண்டு, முழிக்கலேன்னா இல்ல. அண்ணனுக்கு இன்னா, இன்னும் தலைகூட நரைக்கல.” சொல்லிவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், பாவி.

திம்மராயன் மாட்டுத் தரகன். மாட்டு விலையை இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இருவர் கையையும் துண்டால் மூடிக்கொண்டு விரல் பிடித்துப் பேசுவார்கள். தொட்டால் கணக்கில்லை; ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. கை முழுதும் பிடித்தால் ஐந்து. விட்டுவிட்டு மறுபடி பிடிப்பதெல்லாம் அதோடு சேரும். வெளியே ஆயிரம் புளுகலாம். துண்டுக்கு அடியில் புளுகியவன் கையை அப்புறம் சந்தையில் எவனும் தொடமாட்டான்.

சந்தைப் புளியமரத்தடியில் திம்மராயனும் ஜவளகிரி கங்கப்பனும் துண்டுக்குள் கைவிட்டு நின்றதை அப்போதுதான் அவள் பார்த்தாள். பக்கத்தில் ஒரு கன்றுக்குட்டிகூட இல்லை. மாடே இல்லாமல் என்ன பேரம்? கங்கப்பனுக்குக் கல்யாணமாகாத தங்கை ஒருத்தி உண்டு. வேப்பங்கொம்பு மாதிரி ஒல்லியாக இருப்பாள். அப்படியா சங்கதி!

வீடு வந்து விளக்கு ஏற்றும்வரைதான் பொறுத்தாள்.

“கங்கப்பன்கிட்ட எதை முடிச்சே? அவன் தங்கச்சியையா?”

திம்மராயன் வாயைப் பிளந்தான். “உனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா? நம்ம செவலை ஜோடிய முடிச்சேன். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வேணாமா?”

“சந்தைக்கு அதுங்கள ஓட்டிக்கினே வரலியே.”

“எருது உடற விழாவுல ஊரே பாத்த மாடு. அவன் பாக்காததா?”

அந்தச் செவலைகளை அவன் வண்டியில்கூடப் பூட்டியதில்லை. தான் தின்கிறானோ இல்லையோ, அதுகளுக்குப் பருத்திக்கொட்டை அரைத்து ஊட்டுவான். கங்கப்பன் தங்கை கதை அந்த நிமிஷமே செத்தது. செத்த இடத்தில் அதைவிடப் பெரிய சந்தேகம் எழுந்து உட்கார்ந்தது. செவலைகளையே விற்கத் துணிந்தான் என்றால், அந்த வராந்தாவில் இவன் எதைக் கேட்டுவிட்டு வந்தான்?

அவன் தோளில் கிடந்த துண்டை உருவினாள். தன் வலது கையை நீட்டி, அதன்மேல் விரித்தாள்.

“பத்துப் பேர அறுத்தா எத்தினி பேரு எழுந்து வீட்டுக்குப் போறாங்க? டாக்டர் சொன்னத அப்பிடியே சொல்லு. வாயால வேணாம்.”

“வெளையாடாதே, வெங்கடம்மா.”

“பாதிக்கு மேல ஒண்ணு இருந்தாலும் திங்கக்கெழம வரேன். இல்லேன்னா இந்தச் சதையோடவே கெடக்கறேன். கைய உடு.”

அவன் சுவரைப் பார்த்தான். தொழுவத்தைப் பார்த்தான். பிறகு கை துண்டுக்குள் வந்தது. அவள் சுண்டுவிரலைத் தொட்டது, பிடிக்கவில்லை. மோதிரவிரலைத் தடவியது, அதையும் பிடிக்கவில்லை. கடைசியில் கை முழுவதையும் கப்பென்று பிடித்தது.

ஐந்து.

இனி இதை விட்டுவிட்டு, ஒரே ஒரு விரல் பிடித்தால் போதும். வெங்கடம்மாள் காத்திருந்தாள். தொழுவத்தில் செவலைகள் தலையை ஆட்ட, கழுத்துமணி கேட்டது.

“உட்டுட்டுப் புடி” என்றாள் மெல்ல.

அவன் விடவில்லை. உள்ளங்கை வியர்வையில் வழுக்க வழுக்க, இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். துண்டுக்கு அடியில் கணக்கு ஐந்தைத் தாண்டவில்லை.