இராசையாவுக்கு ஒரு வரி

"சிலகாலம் தொலைபேசி இலாகாவில் பணியாற்றி, பின்னர் ஓய்வாக வாழ்ந்தார்."

வீரம்மா அந்த வரியை இரண்டு தரம் படித்தாள். மூன்றாம் தரம் படிக்க மனம் வரவில்லை. தாளை மேசைமேல் வைத்தாள்.

"டீச்சர், அவரு வேலைய விட்டப்ப அவருக்கு நாப்பது வயசுகூட ஆகல. நாப்பது வயசுல என்ன ஓய்வு?"

எதிரில் உட்கார்ந்திருந்த சந்திரமதி டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுபத்தெட்டு வயது. மலேசியாவின் ஈப்போவில் பல பள்ளிகளில் படிப்பித்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர். இராசையா அவருடைய அண்ணன். இறந்து இன்றோடு இருபத்தொரு நாள். முப்பத்தொன்றாம் நாள் கிரியைக்கு வருகிறவர்கள் கையில் ஒரு கல்வெட்டு கொடுப்பது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களின் வழக்கம். கல்வெட்டு என்றால் கல் அல்ல, இறந்தவரின் வரலாற்றைச் சொல்லும் சின்னப் புத்தகம். அதன் கடைசித் திருத்தம் மாலை ஐந்து மணிக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

"வேறென்ன எழுதுறது வீரம்மா? அண்ணர் நல்ல உத்தியோகத்தை விட்டுட்டு, கோப்பிக் கடைக்கு மேலே ஒரு அறை எடுத்து, பெட்டியும் வயருமா இருந்தவர். அப்பா சாகும்வரைக்கும் அவரோட கதைக்கேல்லை."

"அந்த அறையில எங்களுக்குக் கம்ப்யூட்டர் கத்துக் குடுத்தாரு. எண்பத்து மூணுல, டிவி பெட்டியில தமிழ் எழுத்த வரவச்சாரு. அத எழுதுங்க."

"நீங்க சொல்றீங்க. நான் கண்டதில்லை. செவிவழிக் கதையை அண்ணர் பேரிலே அச்சடிக்க மாட்டன்."

இந்த இடத்தில் கனகராஜ் தொண்டையைச் செருமினார். ஒரு காலத்தில் ஈப்போ, காம்பார் பேருந்தில் டிக்கெட் கொடுத்தவர், வீரம்மாவோடு அந்த அறையில் கற்றவர். இப்போது எழுபத்திரண்டு வயது. காலடியில் ஒரு குண்டு டிவி, ஒரு கேசட் ரேடியோ, பிறகு துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று.

"அதான் டீச்சர், காட்டிடலாம்னு எடுத்தாந்தேன்."

துண்டை விலக்கினார். புத்தக அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. மேலே வரிசை வரிசையாய்ச் சாம்பல்நிற ரப்பர் பொத்தான்கள்.

"இதுவா கம்ப்யூட்டர்?"

"இதேதான். வீரம்மா முதநாள் இதத் தொட்டுப் பாத்துட்டு என்ன சொன்னா தெரியுமா? பால்மரத்த விட்டுத் தப்பிச்சு ஈப்போவுக்கு ஓடியாந்தா, இங்கயும் ரப்பரானு கேட்டா."

"நீ மட்டும் என்னவாம்? டிக்கெட் மிசின்னு நெனச்சு கைப்பிடி எங்கனு தேடுன ஆளு."

டீச்சர் சிரிக்கவில்லை. ஆனால் குனிந்து பெட்டியைப் பார்த்தார்.

"சரி. காட்டுங்கோ."

அங்கேதான் சிக்கல். பெட்டிக்குச் சொந்தமாய் ஞாபகம் எதுவும் கிடையாது. மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாம் போய்விடும். அந்தக் காலத்தில் எழுதிய புரோகிராமையெல்லாம் பாட்டுக் கேசட்டில் சத்தமாக மாற்றித்தான் பதிந்து வைத்தார்கள். கனகராஜிடமிருந்த கேசட்டுகளைப் பூஞ்சை தின்றுவிட்டது. வீரம்மாவுடையவை வீடு மாறியபோது தொலைந்தன. இராசையா வைத்திருந்தவைதான் கடைசி நம்பிக்கை.

"அண்ணனோட கேசட் இருக்குமா டீச்சர்? அவரு கையெழுத்துல பேரு போட்டிருக்கும்."

டீச்சர் பார்வையைத் தாழ்த்தினார்.

"இருந்தது. ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய. கோயில்ல பிள்ளைகளுக்குத் தேவார வகுப்பு நடத்தின காலம். போட்டுக் கேட்டன். கீச்சுக் கீச்செண்டு ஒரே இரைச்சல். பழுதான கேசட் எண்டு நினைச்சு, எல்லாத்திலயும் தேவாரம் பதிஞ்சிட்டன்."

கனகராஜ் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தார்.

"அண்ணருக்குத் தெரியும். ஒண்டும் சொல்லேல்லை. அடுத்த கிழமை வகுப்புக்கு வந்து, கடைசி வாங்கிலே இருந்து, முடியும்வரைக்கும் கேட்டுட்டுப் போனவர்."

வீரம்மா தனக்குள் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். கோபமில்லை. கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, தன் இரண்டு வருட உழைப்பின் மேல் ஏறி நின்று பாடும் குழந்தைகளைக் கேட்ட மனிதரை நினைக்க நினைக்க மலைப்பாக இருந்தது.

"அந்தத் தேவாரக் கேசட்டாச்சும் இருக்கா?" என்று கேட்டாள்.

"அதை ஏன் எறியிறன்?"

பூசையறை அலமாரியிலிருந்து பெட்டி வந்தது. கனகராஜ் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"தொண்ணூறு நிமிசக் கேசட். பாட்டு எவ்வளவு நேரம் டீச்சர்?"

"பக்கத்துக்கு அரை மணித்தியாலம்."

"அப்ப பாக்கி பதினஞ்சு நிமிசம் இருக்கு வீரம்மா. அண்ணன் ஒரு காப்பியோட நிறுத்துற ஆளா?"

வீரம்மா நிமிர்ந்தாள். இராசையா ஒருநாளும் ஒரு பிரதியோடு நிறுத்தியதில்லை. ஈப்போ வெக்கைக்கும் ஈரத்துக்கும் எந்த இடத்தில் நாடா கெடும் என்று யாருக்குத் தெரியும் என்பார். ஒரே புரோகிராமைத் திரும்பத் திரும்ப, நாடா தீரும்வரை பதிவார்.

"சுத்து. பெலான் பெலான், மெதுவா, நாடா அறுந்துறப் போகுது."

சுற்றி ஓட்டிப் போட்டார். பிள்ளைகளின் குரல் வந்தது. தாளம் தப்பிய கைத்தட்டு, டீச்சரின் இளங்குரலில் ஓர் அதட்டல், பிறகு அமைதி. அந்த அமைதியைக் கிழித்துக்கொண்டு நீளமான ஒரு கூவல் கிளம்பியது.

"அதேதான்," என்றாள் வீரம்மா.

வயரை மாட்டினார்கள். முதல்முறை பாதியில் நின்றுவிட்டது. கனகராஜ் ஒலியைக் கொஞ்சம் கூட்டினார். அடுத்த பிரதியில் டிவியின் ஓரமெல்லாம் நீலமும் மஞ்சளுமாய்க் கோடுகள் துடித்தன. ஐந்து நிமிடம் இரைச்சல் ஓடியது. இரைச்சல் நின்றது. திரை வெளுத்தது.

வெள்ளையில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. புள்ளி புள்ளியாய் வளைந்து, சுழித்து, கால் ஊன்றி நின்றது 'அ'.

டீச்சர் வாயில் கைவைத்துக்கொண்டார்.

"எட்டுக்கு எட்டுக் கட்டம் டீச்சர்," என்றாள் வீரம்மா. "அதுக்குள்ள ஒரு எழுத்து அடங்கணும். சதுரக் கோடு போட்ட தாள்ல பென்சில வச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமையெல்லாம் உக்காந்திருப்போம். ஆளுக்குக் கொஞ்சம் எழுத்துனு பிரிச்சுக் குடுத்தாரு. 'ழ' எனக்கு வந்துச்சு. மூணு ஞாயிறு அழுதேன். மொத மொத எங்க தோட்டத்துக்குத்தான் எடுத்தாந்து காட்டுனாரு. எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நல்லம்மாள்னு அவங்க பேர அடிச்சுக் காட்டி, இதான் நீங்கம்மானு சொன்னாரு. துரை வந்தா எந்திரிக்கிற மாதிரி எங்கம்மா எந்திரிச்சு நின்னுட்டாங்க டீச்சர். அவங்க பேருக்கு."

எழுத்துகள் முடிந்ததும் திரையில் ஒரு தலைப்பு வந்தது: 'வரைந்தவர்கள்'. கீழே ஒவ்வொரு பெயராய் இறங்கியது. கனகராஜ். வீரம்மா. உடையப்பன். சாந்தினி. மொத்தம் பதினொரு பெயர்கள். பிறகு ஒன்றும் வரவில்லை.

"அண்ணர் பேர் எங்கே?"

வீரம்மா பொத்தானை அழுத்தினாள். இன்னொரு தரம் அழுத்தினாள். அவ்வளவுதான். அவர் தன் பெயரைப் போடவே இல்லை. இத்தனை பாடுபட்டுக் கிடைத்த சாட்சியில் அவருக்குச் சாட்சியில்லை. டீச்சர் கேட்டது நிரூபணம். இனி எதைக் காட்டுவது?

டீச்சர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அச்சுத்தாளைப் புரட்டி நடுப்பக்கத்தை விரித்தார். குடும்பத்தின் வம்சாவளி. ஒவ்வொரு பெயருக்குக் கீழும் கோடுகள் கிளைவிட்டுப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். கல்யாணம் செய்யாத இராசையாவின் பெயருக்குக் கீழே வெறும் வெள்ளை.

பென்சிலை எடுத்து அந்த வெள்ளையில் ஒரு கோடு இழுத்தார்.

"வாசியுங்கோ வீரம்மா. பிழையில்லாம, மெதுவா."

அந்தக் கோட்டின் கீழே பதினொரு பெயர்களையும் எழுதிக்கொண்டார். 'ஓய்வாக வாழ்ந்தார்' என்பதை அடித்துவிட்டு, மேலே ஏதோ எழுதினார். வீரம்மா எட்டிப் பார்த்தாள். 'கணினித் திரையில் தமிழ் எழுதப் பதினொருவருக்குக் கற்பித்தார்.' இரண்டு தாளையும் போனில் படமெடுத்து அனுப்பினார். சற்று நேரத்தில் அச்சகத்திலிருந்து பவித்ரன் கூப்பிட்டான். டீச்சர் ஒலிபெருக்கியில் போட்டார்.

"டீச்சர், வம்சாவளில சொந்தக்காரவங்கதானே வரணும்? இதுல கடைசியா ஆ சோங்னு இருக்கே. சீனர் பேரு மாதிரி இருக்கு லா. மாறி வந்துடுச்சா?"

டீச்சர் இவர்களைப் பார்த்தார். கனகராஜ் மெல்லச் சொன்னார்.

"கோப்பிக் கடைக்குப் பக்கத்துல டிவி கடை வச்சிருந்தவரு. தமிழ் தெரியாது. நானும் வரைவேன்னு அடம்பிடிச்சாரு. ஃ குடுத்தோம். மூணு புள்ளிதானே."

"மாறேல்லை தம்பி," என்றார் சந்திரமதி டீச்சர் போனில். "அண்ணற்ற பிள்ளையள்தான். அந்தக் கோட்டை மட்டும் கொஞ்சம் தடிப்பாப் போடுங்கோ."