டிஸ்க்கில் இடமில்லை

வெளியே சாவுக்கு அடிக்கும் தப்பு ஓங்கி ஒலித்துக்கொண்டிருந்தது. யசோதினி மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டு, தன் பாடக்குறிப்புகளையும் கல்யாண வீட்டுப் படங்களையும் ஈவிரக்கமில்லாமல் அழித்துக்கொண்டிருந்தாள். அழித்து என்ன பயன்? டிஸ்க்கில் இடமில்லை, இடமில்லை என்று அது ஒரே பிடிவாதம் பிடித்தது. தம்பிக்கு எடுத்த வீடியோ அழைப்பு இடம் போதாமல் எடுத்த எடுப்பிலேயே அறுந்தது.

தம்பி சதீஸ்குமார் கட்டாரில் வேலைக்குப் போன இடத்தில் லீவு கிடைக்காமல் கிடந்தான். சவப்பெட்டியை மூடுமுன் அப்பாவின் முகத்தை ஒருதரம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் அவர்களின் லய வீடுகள் இருந்த பள்ளத்துக்குப் போன் சிக்னல் எட்டாது. கூரைக்கு மேல் மூங்கிலில் கட்டிய இணைய டொங்கிளிலிருந்து வயர் இறங்கி வருவது இந்தக் கணினிக்கு மட்டும்தான்.

"யசோ, மழ எறங்கப் போவுது. குழியில தண்ணி நின்னா பெட்டிய எப்புடிம்மா எறக்குறது?" சித்தப்பா புவனேந்திரன் வாசலில் நின்றார்.

"அஞ்சு நிமிஷம் சித்தப்பா. தம்பி பாக்கணும்."

கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் கூட்டினாலும் டிஸ்க்கில் பாதிகூட வரவில்லை. மீதியை எந்தப் பேய் தின்றது? மறைந்திருப்பவற்றையும் காட்டச் சொல்லி அமுக்கினாள். மங்கலாக ஒரு கோப்புறை எழுந்து வந்தது. அதற்குள் ஒரேயொரு வீடியோ, மலையளவு. தேதி, முந்தாநாள் இரவு.

அன்று இரவு தம்பியோடு பேசி முடித்து அப்பா வீரய்யா முன்னறையிலேயே இருந்துவிட்டார். விடிந்து பார்த்தால் நாற்காலியில் உயிரில்லை. போனில் சிவப்பு வட்டத்தை அமுக்கித்தான் பேச்சை வெட்டுவார். கணினியிலும் அதையே செய்திருக்கிறார். இங்கே அது பதிவு செய்யும் பொத்தான். மனிதர் போன பிறகும், இடம் தீரும்வரை அது பதிந்துகொண்டே இருந்திருக்கிறது.

அப்பா தன்னைக் கூப்பிட்டாரா? நேற்று விடியலிலிருந்து அவளைக் குடைந்த கேள்வி அது. அடுத்த அறையில்தான் தூங்கினாள்.

வீடியோவைத் திறந்து நடுவே இழுத்தாள். விளக்கு வெளிச்சத்தில் அப்பா. நெஞ்சில் கை. முகம் அவள் தூங்கிய அறையின் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. வாய் அசைந்தது. தப்புச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. காதை ஸ்பீக்கரில் ஒட்டினாள். ம்ஹூம்.

"யசோ! தூற ஆரம்பிச்சிருச்சு!"

வேறெங்காவது மாற்றி வைக்கலாமென்றால் அவள் போன் அவ்வளவைத் தாங்காது. வீடியோவை அழித்தாள். அப்போதும் இடம் பிறக்கவில்லை. குப்பைத்தொட்டிக்குள் போயும் அது அதே இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. இப்போதுகூடத் திரும்ப எடுத்துவிடலாம். தொட்டியைக் காலி செய்தால் மீட்க முடியாது, செய்யவா என்று திரை கேட்டது. பாழாய்ப்போன திரைக்கு இப்போதுதான் கரிசனம். ஆம் என்பதை அமுக்கினாள்.

மறுபடி அழைத்ததும் தம்பியின் முகம் வந்தது. வேலைத் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. அவள் கணினியைத் தூக்கிப் பெட்டிக்கு மேலே பிடித்தாள். அவன் பேசுவது கேட்கட்டுமென்று சித்தப்பா தப்புக்காரர்களைக் கையமர்த்தினார். லயமே அடங்கிப்போனது.

சதீஸ்குமார் வெகுநேரம் பார்த்தான்.

"அக்கா, அப்பா கடைசியா ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஒன்னும் சொல்லலடா. தூக்கத்துலயே போயிட்டாங்க."

மூடியைக் கொண்டுவந்தார்கள். படம் ஆடாமலிருக்க அவள் கணினியை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.