சொல்லி வைத்த இலைகள்

குற்றாலத்தில் சாரல் காலத்துக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. அருவிக்குப் போகிறவர்கள் போகிற வழியிலேயே சோற்றுக்கடையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். "நாலு இலை" என்றால் போதும். எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஈரத் துண்டோடு திரும்பும்போது இலை விரிந்திருக்கும். முன்பணம் கிடையாது. சொன்னவர் வருவார் என்று உலை வைப்பார்கள். உலை வைத்திருப்பார்கள் என்று சொன்னவர் வருவார். இறைவனை நம்புவதற்கு இது நல்ல பழக்கம் என்று எனக்குத் தோன்றும்.

பேராச்சியின் கடை பெரிய அருவிக்குப் போகும் பாதையில் ஓர் ஓலைக் கொட்டகை. பலகை கிடையாது. நயா பைசா வந்த மறுவருடம், அதற்குக் கொஞ்சம் தள்ளி மங்கள விலாஸ் ஒரு கிளை திறந்தது. மதுரை, திருநெல்வேலி, பாளையங்கோட்டை என்று ஊருக்கு ஒரு கிளை அவர்களுக்கு. எங்கே போனாலும் அதே பச்சைப் பலகை, அதே சலவைக்கல் மேசை, அதே சாம்பார். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் அந்தப் பலகையைக் கண்டதும் சொந்தக்காரரைக் கண்டதுபோல் முகம் மலர்வார்கள்.

பேராச்சி அதற்கு வருத்தப்பட்டதில்லை. "புது ஊர்ல தெரிஞ்ச பேரைப் பிடிச்சுக்கிடுதாவ. அதுல என்ன தப்பு?" என்பாள்.

ஆடி மாதத்து நாள் ஒன்றில் அவள் விடியலிலேயே தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டாள். கூட வேலை செய்யும் நாச்சியார் துருவலின் குவியலைப் பார்த்து மலைத்துப் போனாள்.

"என்ன மதினி, இன்னைக்குச் சொதியா வைக்கப்போற?"

"ஆமா. தம்பி சம்பந்தி வீட்டைக் கூட்டிட்டு வாரான். அருவியில குளிச்சிட்டு இங்கனதான் சாப்பாடு. நேத்தே சொல்லிட்டுப் போயிட்டான்."

"மறுவீட்டுக்கு வைக்குத சொதியை நிச்சயத்துக்கு முந்தியே வைக்கியே! ஊர்ல கேட்டா சிரிப்பாவ."

"சிரிச்சா சிரிக்கட்டும்ட்டி. மாப்பிள்ளை வீட்டாருக்கு என் கையால ஒரு வாய் போடணும்னு இருக்கு."

எங்கள் பக்கத்தில் சொதி என்பது கல்யாணத்துக்கு மறுநாள் பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் படைப்பது. தேங்காய்ப் பாலும் பாசிப்பருப்பும் காய்களும் சேர்த்துச் செய்து, இஞ்சித் துவையலோடு பரிமாறுவார்கள். கடையில் யாரும் வைப்பதில்லை.

பேராச்சியின் தம்பி பால்வண்ணநாதன் இலஞ்சியில் தோப்பும் வயலுமாக இருக்கிறவர். தாய் இல்லாத அவரை வளர்த்தவள் பேராச்சி. அவள் கணவர் கொழும்புக்குப் போனவர், திரும்பவில்லை. தம்பி வீட்டில் உட்கார்ந்து சாப்பிட மனமில்லாமல் இந்தக் கடையைப் போட்டாள். குடும்பத்தில் எல்லாருக்கும் முகம் சுருங்கியது. அந்த வீட்டுப் பெண் சோறு விற்பதா? பால்வண்ணநாதன் மட்டும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் மகள் இராமலட்சுமி கைக்குழந்தையாக இருந்தபோது, தாய் நோயில் கிடந்த மாதங்களில், அந்தக் குழந்தை பேராச்சியின் இடுப்பில்தான் இருந்தது.

அந்த இராமலட்சுமிக்குத்தான் பாளையங்கோட்டையில் பேசி முடித்திருந்தார்கள். நிச்சயம் ஆவணியில். "மணவறைக்கு நீதான் அக்கா அவ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும்" என்று பால்வண்ணநாதன் சொல்லியிருந்தார். "முதல்ல அவுக உன் சாப்பாட்டைச் சாப்பிடட்டும். சாப்பிட்டு முடிச்சதும் இவ என் கூடப்பிறந்தவன்னு நானே சொல்லுதேன்."

அந்தச் சொல்லை வைத்துத்தான் அன்றைய உலை ஏறியது.

பகல் ஏறியதும் அவர்கள் அருவியிலிருந்து இறங்கி வந்தார்கள். சம்பந்தி குத்தாலிங்கம் முன்னால், அவர் மனைவி, பின்னால் பால்வண்ணநாதனும் மனைவியும், ஈரக் கூந்தலோடு இராமலட்சுமி. பேராச்சி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே இலைகள் விரிந்திருந்தன.

குத்தாலிங்கத்தின் மனைவி கொட்டகையருகே நின்றாள். "இஞ்சி வாசனை ஆளைத் தூக்குதே! இங்கன சாப்பிடலாமா?"

பேராச்சி வாய் திறப்பதற்குள் பால்வண்ணநாதனின் குரல் முந்திக்கொண்டது. "வேண்டாம் மதினி. தெரியாத கடை. எந்தத் தண்ணியில ஆக்குதாவளோ. அந்தா, மங்கள விலாஸ். ஒங்க ஊர்ல சாப்பிடுதது மாதிரியே இருக்கும்."

"அதுவும் சரிதான்" என்று அந்த அம்மாள் நடந்தாள். இராமலட்சுமி ஒருமுறை திரும்பி அத்தையைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு அப்பாவின் பின்னால் போனாள்.

"மதினி..." என்றாள் நாச்சியார்.

"கூட்டத்துல சொல்ல முடிஞ்சிருக்காது" என்றாள் பேராச்சி. விரித்த இலைகளை எடுக்கவும் இல்லை, வேறு யாரையும் உட்கார்த்தவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது. குத்தாலிங்கம் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

"அங்கன ஒரே கூட்டம். பொம்பளையளுக்கு இடம் பிடிச்சுக் குடுத்திட்டேன். எனக்குப் பசி தாங்கல ஆச்சி. சோறு இருக்கா?"

"வாங்க அண்ணாச்சி. உக்காருங்க" என்றாள் அவள். அவருக்கென்று விரித்த இலையிலேயே அவர் உட்கார்ந்தார். அது அவருக்குத் தெரியாது.

சோற்றில் சொதியை ஊற்றியதும் அவர் கை நின்றது. ஒரு வாய் உண்டார். துவையலைத் தொட்டுக்கொண்டு இன்னொரு வாய்.

"இது மறுவீட்டுச் சாப்பாடுல்லா! கடையில யாரு இதை வைப்பா?"

"ஒரு வீட்டுக்காரங்களுக்கு வச்சது. சொல்லியிருந்தாவ. வரல."

"சொல்லிட்டு வராம இருப்பாவளா?"

"தெரிஞ்ச கடை கண்ணுல பட்டிருக்கும் அண்ணாச்சி. சாப்பிடுங்க."

அவர் விரிந்து கிடந்த மற்ற இலைகளைப் பார்த்தார். மறுசோறு வாங்கும்போதுதான் பால்வண்ணநாதன் அவரைத் தேடிக்கொண்டு வந்தார். வாசலில் கால் வைத்தவர் அப்படியே நின்றார்.

"இங்கனயா இருக்கிய அண்ணாச்சி?"

"வாரும் சம்பந்தி, உக்காரும். இப்படியொரு சொதி எங்க அம்மைக்குப் பொறவு இப்பதான் சாப்பிடுதேன். நீரு பக்கத்து ஊருல்லா, இந்த ஆச்சியைத் தெரியுமா உமக்கு?"

பேராச்சி அகப்பையும் கையுமாக நின்றாள். இதோ, தம்பியே சொல்லிவிடலாம். பாதை தானாகத் திறந்திருக்கிறது. குற்றாலநாதரே, என்று மனதுக்குள் ஒருதரம் சொல்லிக்கொண்டாள்.

"இல்லை அண்ணாச்சி. நான் இந்தப் பக்கம் வாரதே இல்லை" என்றார் பால்வண்ணநாதன்.

"உமக்கு ஒரு அக்கா உண்டுன்னு சொன்னாவளே. நிச்சயத்துக்கு வருவாவல்லா? பொண்ணுக்கு அத்தை இல்லாம எப்படி?"

"அவளுக்கு உடம்புக்கு முடியல. நடமாட்டமே கிடையாது. வர முடியாது." சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வராமல் இருக்க வேண்டுமே என்ற அவசரத்தில் பேராச்சியின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அண்ணாச்சிக்கு மோர் கொண்டாங்க."

காய்ச்சலில் பிதற்றியபோதுகூட அக்கா என்று மட்டுமே அழைத்தவன். கோபத்தில் எத்தனையோ தரம் 'போ' என்றிருக்கிறான், 'வா' என்றிருக்கிறான். 'கொண்டாங்க' என்றதில்லை. மரியாதை கொடுத்து ஒருவரைத் தள்ளிவைக்க முடியும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

உள்ளே போனாள். மோரில் உப்பிட்டு, இஞ்சி தட்டிப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளி இரண்டு தம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

குத்தாலிங்கம் குடிக்கப் போனவர் இரண்டு தம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்குக் கறிவேப்பிலை மிதக்கு. உமக்கு இல்லையே?"

பால்வண்ணநாதனுக்குச் சிறு வயதிலிருந்தே கறிவேப்பிலை ஆகாது. பொறுக்கி ஓரமாக வைப்பார். அவருக்கு ஊற்றும்போது அவள் கை அதை வடிகட்டிவிடும். அன்றும் வடிகட்டியிருந்தது. அவளே அதைக் கவனிக்கவில்லை.

குத்தாலிங்கம் மோரைக் குடித்து முடித்துத் தம்ளரை மெதுவாக வைத்தார்.

"ஆச்சி, மருமகளுக்குக் கொஞ்சம் சொதி குடுத்துவிடுங்க. அந்தப் பிள்ளை அங்கன இலையில கையை வச்சிக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்துது."

உள்ளே இரண்டு தூக்குச்சட்டிகள் இருந்தன. ஒன்றில் 'இலஞ்சி நமச்சிவாயம் பிள்ளை' என்று அப்பாவின் பெயர் வெட்டியிருந்தது; கல்யாணத்தின்போது அவளுக்கு வந்த பாத்திரம். மற்றது சந்தையில் வாங்கியது.

"பேரு வெட்டினதை எடு மதினி" என்று நாச்சியார் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "அந்த மனுசன் வாசிக்கட்டும். நடமாட்டம் இல்லையாம்லா! வாயில புழு வைக்க."

"சபிக்காத. அவன் பொண்ணுக்குக் கல்யாணம்."

பேராச்சியின் கை பெயர் வெட்டிய சட்டியின் மேல்தான் போனது. அதன் பிடியில் கொஞ்ச நேரம் இருந்தது. வாசலிலிருந்து பால்வண்ணநாதன் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சட்டியும் அவருக்குத் தெரியும். இராமலட்சுமி தலையைக் குனிந்துகொண்டு போனது அவள் நினைவில் வந்தது. தன்னால் அந்தக் கல்யாணப் பேச்சு முறியக் கூடாது. கையை எடுத்து, பெயரில்லாத சட்டியை இறக்கினாள்.

பால்வண்ணநாதன் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. தெரியாது என்றதைப் பொறுத்துக்கொண்டாள், நடமாட்டம் இல்லை என்றதையும் பொறுத்துக்கொண்டாள். அந்த நிம்மதியை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை. அவர்கள் போன பிறகு விரித்த இலைகளை ஒவ்வொன்றாகச் சுருட்டினாள். மிச்சச் சொதியை அருவிக்கரையில் கிடக்கும் பண்டாரங்களுக்குக் கொடுக்கச் சொன்னாள். அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் மங்கள விலாஸில் இலை எடுக்கும் செல்லப்பா தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். சட்டி துலக்கியிருந்தது. உள்ளே வெற்றிலை, பாக்கு, ஒரு மஞ்சள் கிழங்கு, ஒரு பந்து பிச்சிப்பூ.

"பாளையங்கோட்டை அண்ணாச்சி குடுக்கச் சொன்னாவ. 'ஆவணிக்குச் சொல்லி வச்சிருக்கேன்னு ஆச்சிகிட்டச் சொல்லு'ன்னாவ. என்னன்னு எனக்குப் புரியல."

பேராச்சிக்குப் புரிந்தது. மஞ்சளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"கூட ஒருத்தர் இருந்தாவளே. இலஞ்சிக்காரர். அவரு ஒண்ணும் சொல்லலியா?"

"அவரா? ராத்திரி எல்லாரும் சத்திரத்துல தங்கிட்டு, அவரு விடியமின்னயே வீட்டாளோட பஸ் ஏறிட்டாரு. இந்த வழியாத்தான் போனாரு. பாக்கலியா?"

அவள் பார்க்கவில்லை. அடுப்பு மூட்டிக்கொண்டிருந்திருப்பாள். வாசல் திறந்துதான் இருந்தது.

வெற்றிலையைச் சுவரில் இருந்த குற்றாலநாதர் படத்தின் முன் வைத்தாள். எங்கிருந்தோ வந்த மனிதர் சாப்பிட்ட ஒரு வேளைச் சோற்றுக்கு இவ்வளவு செய்திருக்கிறார். ஈசன் அவர் குடும்பத்தை நன்றாக வைக்கட்டும். ஆனால் அந்த வெற்றிலையைப் பார்க்கப் பார்க்க, அதை வைத்துக் கொடுக்க வேண்டிய கை வேறு என்பதுதான் அவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

"ஆவணிக்குப் போவியா மதினி?" என்று கேட்டாள் நாச்சியார்.

"கூப்பிட வேண்டியவன் கூப்பிடலியே."

சாரல் விழத் தொடங்கியது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு குடும்பம் பாதையில் ஏறி வந்தது. முன்னால் வந்தவர் நடந்துகொண்டே குரல் கொடுத்தார். "ஆச்சி, ஆறு இலை! குளிச்சிட்டு வாரோம்."

பேராச்சி வாசல்வரைக்கும் வந்தாள்.

"நிச்சயமா வருவியள்லா?"

அப்படி அவள் யாரிடமும் கேட்டதில்லை. அந்த மனிதர் திகைத்து நின்றார். அவர் பதில் சொல்வதற்குள் அவள் உள்ளே திரும்பி, ஆறு பேருக்கு அரிசி களையத் தொடங்கினாள்.