ரெண்டு பேர் மாத்திரை

வெள்ளை படுவதும் அரிப்பும் மலர்கொடிக்கு. நர்ஸ் சத்யா என்னடாவென்றால் அவளுக்கொரு மாத்திரைக் கவர், அவள் புருசன் ராசாங்கத்துக்கொரு கவர் என்று நீட்டிவிட்டாள்.

"ரெண்டு பேரும் சாப்புடணும் மலரு. இல்லாட்டி நோவு திரும்பத் திரும்ப வரும். அது போனாத்தான் புள்ள தங்குறதுக்கும் நல்லது. தீட்டுத்துணிய நல்லா வெயில்ல காயப்போடு."

இதென்ன கூத்து? பச்சமலை அடிவாரத்தில் அவர்கள் ஊர்ப் பெண்கள் அந்தத் துணியை ஆம்பிளை கண்ணில் காட்டமாட்டார்கள். ஈரத்தோடே கூரை இடுக்கில் செருகிவிடுவார்கள். மலர்கொடி யோசித்து, வேலியில் துணியைப் போட்டு அதன்மேல் பழைய பாவாடையை மூடினாள். வெயில் பட்ட மாதிரியும் ஆச்சு, படாத மாதிரியும் ஆச்சு!

மாத்திரைக்குத்தான் வழி தெரியவில்லை. நோவு நம்முடையது, அவரிடம் எந்த வாயால் சொல்வது? ரெண்டு பங்கையும் நாமே முழுங்கினால் போச்சு. முழுங்கினாள் மகராசி.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள். சோற்றைக் கண்டாலே குமட்டல். மரவள்ளிக் காட்டில் களை வெட்டும்போது குடலைப் புரட்டி வாந்தி. மாமியார் அம்மாக்கண்ணு ஓடிவந்து முதுகை நீவினாள்.

"எந்தங்கமே, முழுகாம இருக்கியாடி!"

கட்டிக்கொடுத்து வந்த நாளிலிருந்து மாமியார் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. மலர்கொடிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மாத்திரைதான் புரட்டுதா, இல்ல வவுத்துல நெசமாவே எதாச்சுமா? போன வாரம்தான் வீட்டுக்கு விலக்கானாள். ஆனாலும் பாழாப்போன மனசு, இருந்துட்டா என்ன என்று கேட்டது.

சாயங்காலம் சேதி கேட்டு ராசாங்கம் பூலாம்பாடிக் கடைத்தெருவிலிருந்து மாங்காயும் பூவுமாக வந்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"மாமா, புள்ளையெல்லாம் இல்ல. எனக்குப் பொம்பள நோவு. நர்ஸம்மா குடுத்த மாத்திரைதான் புரட்டுது."

திட்டப்போகிறான் என்று தலையைக் குனிந்தாள். அவனோ வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான்.

"எனக்கும் ஒண்ணுக்குப் போனா எரியுது புள்ள. யார்ட்ட சொல்றதுன்னு தெரியாம கெடக்கேன்."

"அடப்பாவி மனுசா! எங்கிட்டச் சொல்லக்கூடாதா?"

"நீ மட்டும் சொன்னியா?"

அவள் மெதுவாகச் சொன்னாள்: "ஒங்களுக்கும் மாத்திரை குடுத்தாங்க."

"எங்க?"

"நாந்தான் முழுங்கிட்டேன். நோவு எனக்கு மட்டும்னு நெனச்சேன்."

ராசாங்கம் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் விழித்தான். வெளியே அம்மாக்கண்ணு போனில் யாரிடமோ, "ஆமாண்டி, எம் மருமவதான்!" என்று பூரித்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டு மலர்கொடி காதைப் பொத்திக்கொண்டாள். இனி ஊரே தன்னை மலடி என்றுதானே பேசும்?

ராசாங்கம் எழுந்தான். "அம்மாட்ட நான் சொல்றேன். காலையில நர்ஸம்மாவப் பாக்க ரெண்டு பேரும் போவோம்."

"அத்தைட்ட என்னன்னு சொல்லுவீங்க?"

"எனக்கும் நோவு இருக்குன்னுதான்."