வீட்டில் இன்னொரு ரவுட்டர் இருக்கிறதா?

ஆறு வாரமாக அந்த வீட்டில் இணையம் ஒழுங்காக ஓடியபாடில்லை. பத்து நிமிடம் ஓடும், அறுந்துபோகும். மடிக்கணினித் திரையில் 'இதே முகவரியை இன்னொரு கருவி பயன்படுத்துகிறது' என்று ஒரு மஞ்சள் பெட்டி வந்து உட்காரும். ரவுட்டரை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் சாதுவாக இருக்கும். மறுபடி அதே கதை.

மருமகளுக்கு அது பிழைப்புப் பிரச்சினை. காது கேளாதவர்களுக்காக, கூட்டங்களில் பேசுவதைக் கேட்டுக்கேட்டு அந்த நேரத்திலேயே எழுத்தாக்கித் திரைக்கு அனுப்புவது அவள் வேலை. காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை காதுகளை மூடிய ஹெட்போனோடு கூடத்து மேசையில் இருப்பாள். கண்டிப்பான எச்சரிக்கை இரண்டு வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

கணவன் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். காலையில் போனால் ஆறு மணிக்குத்தான் வருவான். மாடி அறையில் மாமியார். மாமனார் இறந்த வருடம், மாடியிலிருந்த ஓர் அலமாரியை மருமகள் கேட்காமல் இடம் மாற்றியதில் ஆரம்பித்தது அவர்களுடைய மௌனம். பெரிய சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. "சாப்பாடு?" "ஆச்சு." "வெளிய போறேன்." "ம்." இரண்டு வருடமாக இவ்வளவுதான் பேச்சு. பத்து மணிக்கு மாமியார் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ சொற்பொழிவு கேட்பதாக வீட்டில் நினைத்திருந்தார்கள்.

அன்று பதினொரு மணிக்குக் கூட்டத்தின் நடுவே மஞ்சள் பெட்டி வந்தது. மேற்பார்வையாளரிடம் அரை மணி அவகாசம் கேட்டுவிட்டு, மருமகள் புகார் எண்ணை அழுத்தினாள். உள்ளூரில் இயங்கும் மிகச் சிறிய நிறுவனம் அது. போன இரண்டு தடவை பேசிய அதே குரல்தான் எடுத்தது. நிதானமான, நடுவயதுப் பெண் குரல். அந்தக் குரல் அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. போன வாரம் ரவுட்டர் விளக்குகள் எரியக் காத்திருந்த நேரத்தில், தன்னையறியாமல் ஏதேதோ கொட்டிவிட்டாள். "மாடியில மாமியார் இருக்காங்க மேடம். ஆனா பேசவே மாட்டாங்க. சுவத்தோட குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு" என்றாள். "புரியுது மேடம்" என்றது குரல். அவ்வளவுதான். அதுவே ஆறுதலாக இருந்தது.

"இன்னிக்குப் புதுசா ஒரு கேள்வித்தாள் குடுத்திருக்காங்க மேடம்" என்றது குரல். "உங்க வீட்டுல இன்னொரு ரவுட்டர் இருக்கா?"

"இல்லையே."

"ரெண்டு ரவுட்டர் இருந்தா ரெண்டும் ஒரே நம்பரை வச்சுக்கிட்டு, ரெண்டும் போட்டி போட்டுக்கிட்டு மத்த கருவிகளுக்கு நம்பர் குடுக்கும். அதான் இந்த மாதிரி..." குரல் சட்டென்று நின்றது. யாரோ மூச்சை இழுக்கும் சத்தம்.

"மேடம்? இருக்கீங்களா?"

"இருக்கேன்... ரவுட்டர் பின்னாடி எத்தனை கேபிள் இருக்கு?"

"மூணு. ஒண்ணு வெளியிலேருந்து வருது. ஒண்ணு என் கம்ப்யூட்டருக்கு. மூணாவது மாடி டிவிக்குப் போறது. அந்த டிவியை இப்ப யாரும் போடறதில்லை. எடுத்துடவா?"

"வேண்டாம் மேடம், அதைத் தொட—"

மருமகள் அதற்குள் பிடுங்கிவிட்டாள். மஞ்சள் பெட்டி மறைந்தது. ஆனால் காதில் குரலும் செத்துப்போனது. அவள் தன் கைபேசியைப் பார்த்தாள். அழைப்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. குழம்பிப்போய்க் கேபிளைத் திரும்பச் சொருகினாள். சில நொடிகள் கழித்து, "மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்றது குரல்.

பதில் சொல்லாமல் மறுபடி பிடுங்கினாள். குரல் இல்லை. தலைக்கு மேலே நாற்காலி ஒன்று தரையில் கீறிக்கொண்டு நகர்ந்தது.

கேபிளைச் சொருகிவிட்டு, கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு படியேறினாள். பாதிப் படியில், "மேடம், கேக்குதா?" என்று காதில் கேட்டது. அதற்கு அரை நொடி முன்பே மூடிய கதவுக்குள்ளிருந்தும் அதே வார்த்தைகள் கேட்டன. கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். தினம் நாலு மணிநேரம் ஊராரின் குரலைக் கேட்டு எழுதுகிறவள் அவள். தன் வீட்டுக் குரல் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அத்தை சேர்ந்தாற்போல மூன்று வாக்கியம் பேசி அவள் கேட்டதே இல்லை.

கதவைத் தள்ளினாள். ஹெட்செட் மாட்டிய மாமியார் கணினி முன் சிலைபோல உட்கார்ந்திருந்தார். திரையில் மருமகளின் முழுப்பெயர், வீட்டு முகவரி, புகார் எண். மேசையில் கறுப்பாக இரண்டாவது ரவுட்டர் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

"அத்..."

மாமியார் பதறிப்போய் உதட்டில் விரல் வைத்தார். திரையின் மூலையில் எரிந்த சிவப்புப் புள்ளியைக் காட்டினார். பேச்சு பதிவாகிறது. மேலதிகாரிகள் கேட்பார்கள்.

"மேடம்," என்றார், மருமகளின் முகத்தைப் பார்த்தபடி. "ரெண்டாவது ரவுட்டரைக் கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"க... கண்டுபிடிச்சிட்டேன்."

"அதுக்குப் பக்கத்துல உக்காருங்க மேடம்." காலால் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டார்.

மாமியார் கேள்வித்தாளைப் பார்த்துப் படித்தார், மருமகள் தட்டினாள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போனார்கள். முகவரியின் கடைசியில் இருந்த 1-ஐ 2 ஆக மாற்றினார்கள். மற்ற கருவிகளுக்கு எண் கொடுக்கும் வேலையை இது செய்யக் கூடாது, கீழே இருப்பது மட்டும் செய்யட்டும் என்று அதற்கான குறியை எடுத்தார்கள். அவசரத்தில் 'சேமி' என்பதை அழுத்த மூன்று தடவை ஆயிற்று.

ரவுட்டரின் விளக்குகள் எல்லாம் அணைந்தன. சிவப்புப் புள்ளியும் அணைந்தது. அழைப்பு துண்டானது.

"திரும்ப எரிய மூணு நிமிஷம் ஆகும்" என்றார் மாமியார். ஹெட்செட்டைக் கழற்றினார்.

"எத்தனை நாளா அத்தை?"

"ஆறு வாரம். வீட்டிலேருந்தே புகார் கேக்கற வேலை, இந்தப் பெட்டியை ஆபீஸ்ல குடுத்தாங்க. சுவத்துல இருக்கிற கேபிள்ல சொருகுங்கன்னாங்க, சொருகினேன். இதால உன் வேலை கெடும்னு சத்தியமா எனக்குத் தெரியாது. இப்ப அந்தத் தாளைப் படிக்கும்போதுதான் பகீர்னுச்சு."

"முதல் தடவை நான் கூப்பிட்டப்பவே நான்தான்னு தெரியுமா?"

"பேரு வந்துச்சே. மூச்சே நின்னுபோச்சு."

மருமகளுக்குப் போன வாரம் பேசியது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. காது மடல்வரை சூடேறியது. "நான் என்னென்னமோ உளறிட்டேன்..."

"உளறலை. இருக்கறதைத்தான் சொன்னே." மாமியார் அணைந்த விளக்குகளையே பார்த்தார். "அன்னிக்குக் கீழ வரணும்னு எழுந்தேன். படி வரைக்கும் வந்தேன். அதுக்குள்ள அடுத்த ஆளு கூப்பிட்டுட்டாரு."

முதல் விளக்கு பச்சையாக எரிந்தது. "கீழ போம்மா. நான் திருப்பிக் கூப்பிட்டு, சரியாயிடுச்சான்னு கேக்கணும். முறைப்படி" என்றார்.

அவள் கீழே போனாள். கைபேசி அடித்தது. "சரியாயிடுச்சு மேடம். ரொம்ப நன்றி" என்றாள். பாதியில் விட்ட கூட்டத்தில் சேர்ந்து, ஒரு மணி வரை ஒரு தடங்கலும் இல்லாமல் எழுதி முடித்தாள். நடுநடுவே கை நின்று நின்று போனது இணையத்தால் அல்ல.

ஒரு மணிக்கு மாமியார் இறங்கி வந்தார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாமியார், ஒரு வாடிக்கையாளர் ரவுட்டரைத் தண்ணீரில் அலசித் துடைத்துவிட்டு 'இப்பவும் வரலையே' என்று சண்டை போட்டதைச் சொன்னார். மருமகளுக்குப் புரையேறிவிட்டது.

சாயங்காலம் கணவனிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை. "அம்மாவா? ரிமோட்டைக் குடுத்தாலே தலைகீழாப் பிடிப்பாங்களேடி!" மாடிக்குப் போய்க் கணினியையும் ஹெட்செட்டையும் பார்த்துவிட்டுப் பேயறைந்தவன்போல இறங்கி வந்தான்.

"ஏம்மா, இன்னும் எங்களுக்குத் தெரியாம வேற என்ன பண்றே?"

மாமியார் கொஞ்சம் யோசித்தார். "வியாழக்கிழமை ஸ்கூட்டர் டெஸ்ட் இருக்கு" என்றார்.

அவன் அப்படியே சோபாவில் சரிந்தான். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு மாமியாரைப் பார்த்தாள். மாமியாரோ, "எட்டுப் போடறதுதான் கொஞ்சம் வளைய மாட்டேங்குது" என்று கவலையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.