அவர் குரல் மட்டும்

இராமலிங்கத்துக்குத் தொண்டையில் புற்று. வரும் திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. குரல்பெட்டியையே எடுத்துவிட வேண்டும், வேறு வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். உயிர் தங்கும், குரல் தங்காது. நோய்க்குத்தான் என்ன ஓரவஞ்சனை. நாள் முழுக்க வெட்டிப்பேச்சு பேசுகிறவர்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் எத்தனையோ பேர் இருக்க, இருபத்தாறு வருடமாகக் கோயிலில் வெள்ளிக்கிழமை பஜனையை நடத்திவரும் மனிதரையா பிடிக்க வேண்டும்?

கையில் இருந்தது இன்னும் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. அதற்குள் அந்தக் குரலைப் பத்திரப்படுத்திவிட வேண்டும் என்று அவர் மனைவி சீதாலெட்சுமி முடிவு கட்டினாள். கைப்பேசியில் எடுத்த பழைய பதிவுகளில் இரைச்சல்தான் மிச்சம். புதன்கிழமை கொமுட்டர் ரயில் ஏறி, சுபாங் ஜெயாவில் ஒலிப்பதிவுக் கருவிகள் விற்கும் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் வாசு இரண்டு கருவிகளை மேசைமேல் வைத்தார். ஒன்று உள்ளங்கை அளவு ரெக்கார்டர். ஸ்டாண்டில் நிறுத்திவிட்டால் ஜால்ரா, மிருதங்கம், குழந்தை அழுகை, வெளியே போகும் மோனோரயில் வரை எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். மற்றது காதில் மாட்டும் மெல்லிய மைக். வாயோரமாக நிற்கும், அதன் கம்பி சட்டைப்பையில் இருக்கும் சின்னப் பெட்டிக்குள் போகும். அந்த ஒரு வாயைத் தவிர மற்றதை அது அவ்வளவாகக் கண்டுகொள்ளாது.

சீதாலெட்சுமி யோசிக்கவே இல்லை. இரண்டாவதை எடுத்துக்கொண்டாள்.

"பஜனைன்னா ரெண்டையும் வச்சிக்குங்க ஆன்டி. இது மட்டும் பத்தாது லா."

"கூட்டம் எதுக்குத் தம்பி? கூட்டம் அடுத்த வாரமும் பாடும்."

வாசு பெட்டியை இயக்கும் விதத்தை மூன்று முறை செய்து காட்டினார்.

வெள்ளிக்கிழமை இராமலிங்கம் ஒன்றரை மணி நேரம் பாடினார். நடுவே இரண்டு முறை தண்ணீர் குடித்தார், அவ்வளவுதான். கோயில் நிறைய ஆட்கள். விஷயம் தெரிந்தவர்கள் அழுதுகொண்டே பின்பாட்டுப் பாடினார்கள். சீதாலெட்சுமிக்கு அழக்கூட நேரமில்லை. அவர் சட்டைப்பையில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்பதிலேயே அவள் கண் இருந்தது.

அறுவை சிகிச்சை முடிந்தது. அவர் ஆஸ்பத்திரியில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பக்கத்தில் உட்கார்ந்து பதிவைக் கேட்டாள். முதல் வரி கணீரென்று வந்தது. பிறகு ஒன்றுமில்லை. எங்கோ பக்கத்துத் தெருவில் யாரோ பாடுவது போல ஒரு முணுமுணுப்பு, அவர் மூச்சு, எச்சில் விழுங்கும் சத்தம். பிறகு இரண்டாவது வரி. மறுபடியும் வெறுமை. கடைசிவரை அப்படியேதான். பஜனை என்றால் அவர் ஒரு வரி, கூட்டம் ஒரு வரி. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த அந்த விஷயம், அவர் குரல் போய்விடும் என்ற பயத்தில் அவளுக்கு மறந்தே போய்விட்டது. வாசுவுக்குப் போன் செய்து, சரிசெய்ய வழி உண்டா என்று கேட்டாள். மைக் உள்வாங்காததைப் பிறகு உண்டாக்க முடியாது என்றார் அவர். வீணாக்கிவிட்டோமே என்று சீதாலெட்சுமி குமைந்து போனாள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், பதிவு எங்கே என்று இராமலிங்கம் நோட்டில் எழுதிக் கேட்டார். இதோ அதோ என்று ஒரு வாரம் ஓட்டினாள். பிறகு முடியாமல் உண்மையைச் சொன்னாள்.

"நான் தப்பான மைக்க எடுத்துட்டேங்க. பாதிப் பாட்டுதான் இருக்கு."

போடு என்று கையைக் காட்டினார். ஸ்பீக்கரில் போட்டாள். அவர் குரல் முதல் வரியைப் பாடி நின்றது. கழுத்துத் துளை வழியாக மூச்சு விட்டபடி, அவர் மேசையைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே அந்த வெறுமையைக் கடந்தார். இரண்டாவது வரி முடிந்ததும் அவளைப் பார்த்துக் கையை உயர்த்தினார். கோயிலில் கூட்டத்தைப் பாடச் சொல்லி உயர்த்தும் கை அது. அந்த வீட்டில் இப்போது கூட்டம் என்று இருந்தது அவள் ஒருத்திதான்.

சீதாலெட்சுமி பாடினாள். சுருதி எங்கோ போயிற்று, பாதியில் அழுகை வேறு வந்துவிட்டது. ஆனாலும் வரியை முடித்தாள். அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்ததைப் போல, அவர் குரல் மூன்றாவது வரியை எடுத்தது.